உயிரோடு இருப்போருக்கான பூசை

1

"நீ உன்ர தம்பியைச் சாகடிச்சுப்போட்டாய்" என்று அம்மா போனில் சொன்னார். பிறகு வைத்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் மத்தியானப் பூசை முடிந்திருந்த நேரம், ஜேர்மனியில் காலை. வேலைக்குப் போகும் டிராமில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒருவர் நிதானமாக ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். திருப்பி எடுத்தேன், அம்மா எடுக்கவில்லை. அடுத்த கிழமையும் எடுக்கவில்லை.

விசயம் இதுதான். என் தம்பி அன்ரனை யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் வெள்ளவத்தையில் வைத்து வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, செய்தியும் இல்லை, உடலும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அவனுடைய பிறந்தநாளுக்கு அம்மா எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பார். பூசை தொடங்கும் முன் யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று மைக்கில் வாசிப்பார்கள். முதலில் உயிரோடு இருப்பவர்கள்: பிறந்தநாள்காரர், கலியாண நாள்காரர், சோதனை பாஸ் பண்ணியவர், விசா கிடைத்தவர். அதற்குப் பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று இறந்தவர்களின் பெயர்கள். அன்ரனின் பெயர் எப்போதும் விசா கிடைத்தவர்களோடுதான் வரும். அதை ஒரு தடவை காதால் கேட்பதற்காகவே அம்மா முன்வாங்கில் போய் இருப்பார்.

இந்த வருடம் முழங்கால் விடவில்லை. கோயில் ஒஃபீசுக்குப் படி ஏற ஏலாது, நீயே சொல்லிவிடு என்றார். இப்போது எங்கள் பங்கும் முன்னேறிவிட்டது, வாட்ஸ்அப்பிலேயே பூசை எடுக்கிறார்கள். ஆய்வுகூடத்துக்குள் நுழையும் அவசரத்தில், ஒரு கையில் கையுறையோடு, அன்ரனின் முழுப்பெயரையும் திகதியையும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. லிவிங்கா, டிபார்ட்டடா? டிபார்ட்டட் என்று அடித்துவிட்டு மற்றக் கையுறையைப் போட்டேன்.

கை தவறிவிட்டது என்று பிறகு அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். கை தவறினால் ஓர் எழுத்து மாறும், முழுச் சொல் மாறாது. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டு அம்மா நொண்டி நொண்டிப் போயிருக்கிறார். உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் வாசித்து முடிந்தன, அன்ரன் இல்லை. மறந்துபோனார்கள் போலிருக்கு, பூசை முடியச் சுவாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாராம். அப்போதுதான் மற்றப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்டால் "எலும்பு டொக்டர்" என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறார். கை முறிந்தவர்கள் யாரும் என்னிடம் வருவதில்லை. என்னிடம் வருகிறவர்கள் செத்து நாலாயிரம் வருடம் ஆனவர்கள்.

காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், கல் மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது. உடம்பில் எல்லாம் மக்கிப்போன பிறகும் அதற்குள் மரபணுவின் துணுக்குகள் மிஞ்சியிருக்கும். அதைத் துளைத்து, ஒரு சிட்டிகைத் தூள் எடுத்து, இந்த மனிதர் எந்தப் பக்கத்துச் சனங்களோடு ஒத்துப்போகிறார், பக்கத்துக் குழியில் கிடப்பவர் இவருக்குத் தகப்பனா, தமக்கையா, இல்லை யாரோவா என்று சொல்வோம். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த எலும்புக்காரரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. அருங்காட்சியகத்திடம் கேட்போம், அரசாங்கத்திடம் கேட்போம். துளைபடுகிறவரிடம் கேட்க வழியில்லை.

எங்கள் எச்சிலோ தும்மலோ அந்தத் தூளில் கலந்துவிட்டால் எல்லாம் பாழ். ஆகவே வேலையில் சேரும் நாளிலேயே ஒவ்வொருவருடைய மரபணுவையும் வாசித்துக் கணினியில் வைத்துவிடுவார்கள். கலப்பு நடந்தால் யாருடையது என்று உடனே பிடித்துவிடலாம். அப்படி என்னுடையதும் அங்கே இருக்கிறது, தலை முதல் கால் வரை.

ஜேர்மன்காரரிடம் ஒரு பழக்கம். கொண்டாட்டம் யாருக்கோ அவர்தான் கேக் வாங்கிவர வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு குழிக்குள் உறவுக்காரரைக் கண்டுபிடித்தால் அதுவும் கொண்டாட்டம். போன குளிர்காலத்தில் ஒரே குழியில் கிடந்த இரண்டு இளைஞர்கள் கூடப்பிறந்தவர்கள் என்று கண்டுபிடித்தது நான். ஆகவே கேக் என்னுடையது. எங்கள் குழுத் தலைவர் நல்ல மனிதர். கோப்பையை உயர்த்தி, "நாலாயிரம் வருடம் கழித்து இவர்களை ஒருவர் அண்ணன் தம்பி என்று சொல்லியிருக்கிறார், யோசித்துப் பாருங்கள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கேக் நன்றாக இருந்தது. இரண்டாம் துண்டும் எடுத்தேன்.

3

எங்கள் வீட்டில் ஒரு தைரியம் இருந்தது, நாங்கள் கொழும்பு ஆட்கள் என்று. அப்பா துறைமுகத்தில் கிளார்க். நாங்கள் பிறந்ததும் படித்ததும் கொட்டாஞ்சேனை, அடையாள அட்டையிலும் அப்படித்தான். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. லொட்ஜுகளில் இருந்து வடக்குப் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தால் அம்மா ரேடியோவைக் குறைப்பார். "எங்களுக்கு ஏன் அந்த வில்லங்கம்" என்பார். அது வேறு ஆட்களின் கதை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எவ்வளவு நாட்டுப்பற்று எங்களுக்கு, பாருங்கள்.

அன்ரன் வெள்ளவத்தையில் சிவம் அண்ணையின் கொமியூனிகேஷனில் வேலை செய்தான். வெளிநாட்டுக்கு கோல் எடுப்பது, போட்டோகொப்பி, ஃபாக்ஸ். சிவம் அண்ணை யாழ்ப்பாணத்தார், சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆகவே ஆமியோ பொலிஸோ செக்கிங் வந்தால் முன்னுக்குப் போய்ப் பேசுவது அன்ரன். அய்யே அய்யே என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, கிரிக்கெட் கதைத்து, சிரிக்க வைத்து அனுப்பிவிடுவான். அவனைக் கடையில் வைத்திருந்ததே அதற்காகத்தான்.

ஒரு பின்னேரம் ரோல்ஸ் வாங்க வாசலில் இறங்கினான். வான் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். தெரிந்த ஆட்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு கிட்டப் போனானாம். இவ்வளவும் பக்கத்துக் கடைக்காரர் ஒரே ஒரு தடவை சொன்னது. அடுத்த நாள் கேட்டபோது தான் அந்த நேரம் கடையிலேயே இல்லை என்றார்.

பொலிஸில் அப்பா நல்ல சிங்களத்தில், சேர் சேர் என்று, முறைப்பாடு கொடுத்தார். "பெட்டையோட ஓடியிருப்பான், ரெண்டு மாசத்தில பேரப்பிள்ளையோட வருவான்" என்றார் அங்கிருந்தவர். அப்பா அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்தார். அந்தச் சிரிப்பு அவரை விடவே இல்லை. கட்டிலில் கிடந்த கடைசி நாட்களிலும், நான் ஏன் சிரித்தேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே வருடம் எனக்கு ஜேர்மனிக்கு ஸ்கொலர்ஷிப் கிடைத்தது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்திருக்கும்.

4

பூசைப் பிரச்சினை நடந்து கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. கொழும்பில் ஒரு கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வந்திருக்கின்றன. எந்த இடம் என்று எழுதமாட்டேன், வழக்கு நடக்கிறது. காணாமல் போனவர்களின் குடும்பத்தார் வந்து மரபணு மாதிரி கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். லீவு எடுத்து, பதினைந்து வயது மகள் அனிற்றாவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினேன். வீட்டுக்குப் போகும் முன் மகளை ஹோட்டலில் விட்டுவிட்டு நேரே அந்த ஒஃபீசுக்குப் போனேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கும் முன் கையில் ஒரு நல்ல செய்தி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். ரீ குடிக்கிறீங்களா மிஸ் என்று சிங்களத்தில் கேட்டார். நான் என் தொழிலைச் சொன்னேன். என் முழு மரபணுவும் ஜேர்மனியில் தயாராக இருக்கிறது, ஒரு பொத்தானை அமத்தினால் வந்துவிடும் என்றேன்.

"அக்காவின்ர மாதிரி மட்டும் காணாது மிஸ்" என்றார். "தாய், தகப்பன், இல்லாட்டிப் பிள்ளை. அதுவும் இங்க வந்து, எங்களுக்கு முன்னால குடுக்கவேணும்."

"என்னிடம் இருப்பது நீங்கள் எடுக்கிறதைவிட எவ்வளவோ மடங்கு."

"இருக்கலாம். ஆனா உங்கட மெஷின் எங்கட சட்டத்தில இல்லை."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தாயின் மாதிரியில் சந்தேகத்துக்கு இடம் குறைவு, நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதனால் இன்னும் கோபம் வந்தது. எழும்பும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "மிஸ், கோவிக்கக் கூடாது. நீங்க படிச்ச ஆள். இந்த நாட்டுக்கு உண்மையில ஆர் முதல்ல வந்தது? நாங்களா, உங்கட ஆக்களா?"

எல்லோரும் வந்தவர்கள்தான், வந்து கலந்தவர்கள்தான், உங்களுக்கும் எனக்கும் இருக்கும் வித்தியாசத்தைத் தேட நான் கஷ்டப்பட வேண்டும் என்றேன். ஏதோ மறைக்கிறாள் என்கிற மாதிரிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போனேன். சிவம் அண்ணையின் கடை இப்போது போன் திருத்தும் கடை. வயதாகிவிட்டது, ஆனால் குரல் அதே குரல். பிளேன்ரீ எடுப்பித்தார். சுகம் விசாரித்தார். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"பிள்ளை, நீ இந்தத் துறையில இருக்கிறாய். ஒரு கட்டுரை எழுதன். நாங்கள்தான் முதல் எண்டு உலகத்துக்குத் தெரியட்டும்."

"அப்பிடி எழுத ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? ஆதாரம் வேணுமெண்டால் நான் துப்பித் தாறன். எவ்வளவு வேணும் சொல்லு."

"அண்ணை, அண்டைக்கு உங்கட கடை வாசலுக்கு வந்தது ஆர்?"

சிவம் அண்ணை தொண்டையைச் செருமினார். உள்ளே யாரோ கூப்பிட்டது போல எழும்பிப் போனார். யாரும் கூப்பிடவில்லை. ஐயாயிரம் வருடத்துக்கு முன் யார் வந்தது என்று அந்த அதிகாரிக்கும் தெரிய வேண்டும், இவருக்கும் தெரிய வேண்டும். அந்தப் பின்னேரம் யார் வந்தது என்று மட்டும் ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. பிளேன்ரீயை முடிக்காமல் வெளியே வந்து த்ரீவீலர் பிடித்து, ஹோட்டலில் மகளையும் ஏற்றிக்கொண்டேன்.

5

அம்மா கதவைத் திறந்து பேத்தியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். எனக்குக் கதவைத் திறந்து விட்டார், அவ்வளவுதான்.

"அம்மம்மா, நீங்கள் நல்லா இருக்கிறதா?" என்று அனிற்றா கேட்டாள். விமானத்தில் முழுக்கப் பாடமாக்கியது. அம்மாவுக்கு அதுவே போதும். பேத்தியின் தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். காரத்தில் பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்தது, தன் மேல் உள்ள பாசம் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

சுவரில் அன்ரனின் படம். மாலை இல்லை, விளக்கு இல்லை, சும்மா ஒரு படம். அனிற்றா அதைப் பார்த்து ஜேர்மன் மொழியில் என்னிடம், "இவர்தானா அந்தச் செத்துப்போன மாமா?" என்று கேட்டாள். நாங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். வேறு எப்படிச் சொல்வது என்று ஜேர்மனில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

"பிள்ளை என்ன கேக்குது?" என்றார் அம்மா. வந்ததிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"படத்தில இருக்கிறது ஆரெண்டு கேக்கிறாள்."

"பொய் சொல்லாதே. செத்த மாமாவோ எண்டு கேக்குது. பாஷை தெரியாட்டியும் எனக்கு முகம் தெரியும். நீதானே சொல்லிக்குடுத்தது?"

அனிற்றா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எலும்புகள் வந்ததை, ஒஃபீசுக்குப் போனதை, அக்கா காணாது என்றதை. கன்னத்தின் உள்பக்கத்தை ஒரு பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும், ஒரு நிமிடம், நோகாது என்றேன்.

"மாட்டன்" என்றார் அம்மா.

"ஏன்?"

"அது செத்தவையைத் தேடுறதுக்கு. நான் உயிரோட இருக்கிறவனைத் தேடுறன்."

"அம்மா, அந்தோனியாரின்ர திருப்பண்டம் கொண்டுவந்த நேரம் வெய்யிலுக்குள்ள எவ்வளவு தூரம் வரிசையில நிண்டனீங்கள்? கண்ணாடிக்குள்ள இருந்தது என்ன? ஒரு துண்டு எலும்பு. அதை முத்தமிட்டீங்கள்தானே?"

"அது புனிதரின்ர எலும்பு. என்ர பிள்ளைக்கு எலும்பு இல்லை, உடம்பு இருக்கு."

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. எத்தனை மண்டையோட்டைக் கேட்காமல் துளைத்தவள் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் கேட்டு நிற்கிறேன், அந்த ஒருவர் மாட்டேன் என்கிறார். "நீங்கள் தராட்டிப் பரவாயில்லை" என்று கத்தினேன். "மாதம்பிட்டிச் சவக்காலையில அப்பா கிடக்கிறார். கோர்ட்டில ஓடர் எடுத்து அவரைத் தோண்டுவன். அப்பாவின்ர எலும்பு போதும் எனக்கு."

அம்மா அழவில்லை. மேசையில் சிந்திய குழம்பைத் துணியால் துடைத்தார்.

"தோண்டு" என்றார். "அவர் செத்தவர். நான் பக்கத்தில இருந்து கண்ணை மூடிவிட்டனான். செத்தவையைத் தோண்டு, ஆர் வேண்டாமெண்டது? அவனை விடு."

குசினிக்குப் போய்த் தட்டுகளைக் கழுவினேன். கழுவின தட்டையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெஜினா." கோபம் என்றால்தான் முழுப் பெயர் வரும், இப்போது கோபம் மாதிரித் தெரியவில்லை. "அந்த எலும்புகளுக்குள்ள அவன் இல்லையெண்டால், அதையும் சொல்லுவினமா?"

"சொல்லுவினம்."

"இல்லையெண்டு எழுதித் தருவினமா? கவர்மெண்ட் சீலோட?"

"ஓம்."

"அப்ப நாளைக்குப் போவம். காலமை இந்த முழங்கால் பட்டியைக் கட்டிவிடு, தனியக் கட்ட ஏலாது."

ஓர் இடத்தில் இல்லை என்பது உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி அல்ல. என்னிடம் படிக்க வரும் முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அம்மாவிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வரமாட்டார் என்று தெரியும். சொல்லவில்லை. அடுத்த நாள் காலை குனிந்து பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

ஒஃபீசில் அதே அதிகாரி. இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டார். அம்மா பஞ்சுக்குச்சியை வாய்க்குக் கிட்ட வைத்துக்கொண்டு, நல்ல கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில், "இறந்தவர் எண்டு நான் சொன்னனா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். அதிகாரி தலையைச் சொறிந்தார். மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

6

திரும்பி வந்து மாதக்கணக்காகிவிட்டது. இங்கே பனி கொட்டி, கரைந்து, மரங்கள் துளிர்த்துவிட்டன. அனிற்றா தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டாள், சனிக்கிழமையில் கைப்பந்தாம். அன்ரன் மாமா செத்துவிட்டாரா இல்லையா, எனக்கு ஒரு பதிலைச் சொல் என்று ஒரு நாள் கேட்டாள். காணவில்லை என்றேன். அது ஒரு பதிலா என்றாள்.

போன கிழமை அதிகாரி எனக்கு போன் எடுத்தார். மரியாதையான மனிதர் என்று முதலே சொன்னேன். அம்மாவின் மாதிரியோடு எதுவும் ஒத்துவரவில்லை. அதோடு போனை வைத்திருக்கலாம், ஆனால் நான் அதே தொழில்காரி என்பதால் மிச்சத்தையும் சொன்னார். பல எலும்புகளில் வாசிப்பதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. சூடு, மழை, உவர்த் தண்ணீர். நான் நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய அண்ணன் தம்பியைக் கண்டுபிடித்தது குளிர்ந்த மண்ணின் தயவால். எங்கள் மண் இருபது வருடத்துக்குள் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடுகிறது. வாசிக்க முடிந்தவற்றில் அன்ரன் இல்லை. வாசிக்க முடியாதவற்றில் இருக்கிறானா என்று எந்த மெஷினும் சொல்லாது. அம்மாவுக்குப் போன கடிதத்தில் ஒத்துவரவில்லை என்று மட்டும் இருக்கிறது, அரசாங்க முத்திரையோடு.

இன்று காலை அம்மாவே போன் எடுத்தார். இத்தனை வருடத்தில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அவன் அங்க இல்லையாம். எழுதித் தந்திட்டினம். நான் சொன்னனான்தானே?" செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஏழைகளுக்குப் பாண் கொடுத்தாராம். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேக் அனுப்பினாராம். கடிதத்தைக் கண்ணாடி போட்டு அன்ரனின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டக் கொடுத்திருக்கிறாராம். "முழங்கால் இன்னும் நோகுது மகள். நீயே பூசைக்குச் சொல்லிவிடு. நன்றிப் பூசை. இந்த முறை சரியாச் சொல்லு."

"ஓம் அம்மா" என்றேன்.

ஆய்வுகூட வாசலில் நின்று செய்தி அனுப்பினேன். எதிரே ரீ குடிக்கும் அறையில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே குழியில் ஒரு தாயும் பிள்ளையும் கிடைத்திருக்கிறார்கள். குழுத் தலைவர் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, உனக்குத்தான் என்று சைகை காட்டினார். போன் அதிர்ந்தது. லிவிங்கா, டிபார்ட்டடா? நான் கையுறையைக் கழற்றினேன். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, லிவிங் என்று அடித்தேன்.